இரு பக்கமும் மின் வரும் வயர்: வானொலி மேசைக்கு ஒரு மாற்று மின்னிணைப்பு

மட்டக்களப்பில் வானொலிச் செற் (அலைவழியே பேசவும் கேட்கவும் உதவும் கருவி) வைத்திருப்பவர்களோடு, கரண்ட் போகும்போது கைகொடுக்கும் மாற்று மின்சாரம் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலானவர்கள் அஞ்சுவது சுவரில் இருக்கும் 230 வோல்ற்றுக்குத்தான். மேசைக்குக் கீழே கிடக்கும் 12 வோல்ற்றுப் பற்றரியை யாரும் பொருட்படுத்துவதில்லை. தொட்டால் அடிக்காது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அது உண்மைதான், உலர்ந்த கையால் இரு முனைகளையும் பிடித்தால் ஒன்றும் தெரியாது. ஆயினும் வீட்டை எரிக்கக்கூடிய பொருள் எது என்று என்னைக் கேட்டால், மேசைக்கு மேலே இருப்பவற்றை எல்லாம் விட்டுவிட்டு அந்தப் பற்றரியைத்தான் காட்டுவேன். சுவர் மின்சாரத்துக்கு முன்னால் பிரேக்கரும் ட்ரிப் சுவிட்சும் இருக்கின்றன. பற்றரிக்கு முன்னால் நாம் வைப்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். நல்ல நிலையிலுள்ள 100 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரியின் உட்தடை ஏறக்குறைய 5 மில்லியோம். அதன் இரு முனைகளையும் ஓர் இரும்பு ஸ்பேனர் தவறுதலாக இணைத்துவிட்டால், 12.7 வோல்ற்றை 0.005 ஓமால் வகுக்க வரும் எண் 2500 அம்பியருக்கு மேல். ஸ்பேனருக்கும் தொடுகைக்கும் உள்ள தடையைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஆயிரத்தைத் தாண்டும். ஸ்பேனர் சிவக்கும், ஈய முனை உருகித் தெறிக்கும், உள்ளே வாயு தேங்கியிருந்தால் பற்றரியே வெடிக்கவும் கூடும். இந்தக் காரணத்தால்தான் பற்றரியைத் தொடுமுன் மோதிரத்தையும் உலோகப் பட்டி போட்ட கைக்கடிகாரத்தையும் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் ரேப் சுற்றிக்கொள்வதும் நல்லது.

மாற்று மின்சாரம் எதற்கு என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1978 நவம்பர் சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் தொலைபேசித் தொடர்புகள் அறுந்து கிடந்தபோது, இலங்கையின் அமெச்சூர் வானொலியாளர்கள், அதாவது பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு நடத்துபவர்கள், அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையில் சிற்றலைத் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை அநேகமாக எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். அந்த ஆண்டில்தான் எங்கள் பக்கத்திலும் பலர் அவசர அவசரமாகப் பற்றரி வாங்கி, அகப்பட்ட வயரால் இணைத்தார்கள். அந்த இணைப்புகளில் பல இன்றும் அப்படியே இருக்கின்றன. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவை அவைதாம்.

எவ்வளவு பெரிய பற்றரி வேண்டும் என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும். பியூசின் அளவும் வயரின் தடிப்பும் அதன் பிறகுதான் முடிவாகும். 100 வாற்று சிற்றலைச் செற் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும்போது ஏறக்குறைய 1 அம்பியரும், பொத்தானை அழுத்திப் பேசும்போது 20 அம்பியருக்குச் சற்று மேலும் இழுக்கும். பத்தில் ஒரு பங்கு நேரம் பேசுகிறோம், மீதி நேரம் கேட்கிறோம் என்று வைத்துக்கொண்டால் சராசரி 2.9 அம்பியர். ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறுகுமாதலால், 100 அம்பியர்-மணியில் 50ஐ மட்டுமே கணக்கில் எடுக்கலாம். அது 17 மணி நேரத்துக்குப் போதும். அதே அளவு லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரியில் 80 வரை எடுக்கலாம் என்பதால் 27 மணி நேரம் கிடைக்கும். 50 வாற்று விஎச்எப் (மிக உயர் அதிர்வெண்) செற் மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் பாதி கொள்ளளவே போதுமானது. பலர் கவனிக்காத ஒரு வழியும் இருக்கிறது: 100 வாற்றை 50 ஆகக் குறைத்தால் எதிர்ப் பக்கத்தில் இருப்பவருக்குக் குறைவது 3 டெசிபெல் மட்டுமே, அதாவது அவரது செற்றில் அலையின் வலுவைக் காட்டும் முள்ளில் அரைப் புள்ளி அளவு. மின்வெட்டு நேரத்தில் பெரிய பற்றரியைவிட வலு குறைக்கும் திருகியே அதிகம் உதவும்.

கார் பற்றரியைப் பற்றி ஒரு சொல். மோட்டாரைச் சுழற்றுவதற்காகச் செய்யப்பட்ட பற்றரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைக் கொடுக்க அவை பொருத்தமானவை. மணிக்கணக்காக ஆழமாக இறக்கி ஏற்றும் வேலைக்கு அவை தாங்கா. கையில் இருப்பது அதுதான் என்றால் பயன்படுத்தலாம், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. பழையதையும் புதியதையும், வெவ்வேறு அளவுள்ளவற்றையும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இணைப்பதை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

இனி பியூஸ். வாழைச்சேனைத் துறைமுகத்தில் பலநாட் படகு வைத்திருக்கும் முதியவர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார்: "ஏன் மனே, செற்ற வயரிலேயே பியூஸ் இருக்கே, பிறகென்னத்துக்குப் பற்றரியடியிலயும் ஒண்டு?" செற்றுடன் வரும் பியூஸ் செற்றைக் காக்க, பற்றரியடிப் பியூஸ் வயரைக் காக்க, மாமா, என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் முகத்தில் திருப்தி இல்லை. அவருக்கு வரைந்து காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பற்றரியிலிருந்து செற் வரை நான்கு மீற்றர் வயர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பியூஸ் செற்றின் அருகே இருக்கிறது. வழியில், ஒரு மேசைக்கால் நசுக்கியோ எலி கடித்தோ வயரின் உறை கிழிந்து நேரும் மறையும் தொட்டுக்கொண்டால், மின்னோட்டம் அந்த இடத்திலேயே சுற்றிப் பற்றரிக்குத் திரும்பிவிடும். பியூஸ் வரை அது போகாது. பியூஸ் நலமாக இருக்க, பற்றரியிலிருந்து அந்த இடம் வரையுள்ள வயர் அடுப்புக் கம்பியாகச் சிவந்து, அருகிலுள்ள திரைச்சீலையையும் கடதாசியையும் பற்றவைக்கும். பியூஸ் பற்றரியின் நேர்முனைக்கு மிக அருகில் இருந்தால், வயரின் எந்த இடத்தில் பழுது ஏற்பட்டாலும் அந்த மின்னோட்டம் பியூசைக் கடந்தே ஆக வேண்டும். அமெரிக்கப் படகு மின்னிணைப்புத் தரம் இதற்கு 7 அங்குலம், அதாவது ஏறக்குறைய 18 சென்ரிமீற்றர், என்று எல்லை வகுத்திருக்கிறது. தரையில் வைத்த பற்றரிக்கும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பியூசின் எண்ணை வயரே தீர்மானிக்கிறது. 22 அம்பியர் இழுக்கும் செற்றுக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் பற்றரியடியில் 30 அம்பியர் பியூஸ் சரியாக இருக்கும். செற்றின் சொந்த வயரில் 25 அம்பியர் பியூஸ் இருக்கட்டும். 30 அடிக்கடி எரிகிறது என்று சொல்லி 60 போடுபவர், எரியாத பியூசை வாங்கிக்கொண்டு எரியும் வயரை வைத்துக்கொள்கிறார். பியூஸ் எரிந்தால் அதற்கொரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அது தளர்ந்த பிடியில் உண்டாகும் சூடாகவோ, செற்றினுள்ளே உள்ள பழுதாகவோ இருக்கும்.

பியூசுக்கு இன்னொரு எண்ணும் உண்டு. எவ்வளவு பெரிய மின்னோட்டத்தை அது பாதுகாப்பாகத் துண்டிக்கும் என்பதே அது. வாகனங்களில் இருக்கும் தட்டைப் பியூஸ் 32 வோல்ற்றில் 1000 அம்பியர் வரை துண்டிக்கக்கூடியது. நான்கு மீற்றர் தள்ளிச் செற் முனையில் ஏற்படும் தொடுகைக்கு இது தாராளமாகப் போதும், ஏனென்றால் போகவர எட்டு மீற்றர் 6 சதுர மில்லிமீற்றர் செம்பின் தடையே 25 மில்லியோம். அது மின்னோட்டத்தை 400 அம்பியரளவில் கட்டுப்படுத்திவிடும். பற்றரிக்குப் பக்கத்திலேயே, பியூசைத் தாண்டியவுடன் தொடுகை ஏற்பட்டால் கதை வேறு. 100 அம்பியர்-மணியும் அதற்கு மேலும் உள்ள பற்றரிகளுக்கு, குறிப்பாக உட்தடை இன்னும் குறைந்த லித்தியம் பற்றரிகளுக்கு, முனையிலேயே போல்ற் கொண்டு முடுக்கும் கனமான பியூசைப் போடுவதே என் விருப்பம். விலை சற்றுக் கூடுதல். அந்தச் செலவில் கைவைக்க வேண்டாம் என்பேன். வீட்டுப் பலகையில் இருக்கும் சாதாரண பிரேக்கரைக் கழற்றிப் பற்றரிக்குப் போடுபவர்களும் இருக்கிறார்கள். நேரோட்டத்துக்கான (டிசி) எண் மேலே அச்சிடப்படாத பிரேக்கரை இந்த வேலைக்கு நான் ஏற்பதில்லை.

வயரின் தடிப்பில் தீ அபாயத்தோடு வோல்ற்று இழப்பும் சேர்ந்துகொள்கிறது. அநேகமான செற்றுகள் 13.8 வோல்ற்றுக்கு வடிவமைக்கப்பட்டவை. 15 சதவீதம் கூடக் குறைய ஏற்கும் என்று கையேட்டில் இருக்கும். கீழ் எல்லை 11.7. ஹாட்வெயார் கடையில் வீட்டு வயரிங்குக்காக விற்கும் 7/0.67 வயர், அதாவது 0.67 மில்லிமீற்றர்க் கம்பிகள் ஏழு கொண்டது, 2.5 சதுர மில்லிமீற்றர். மீற்றருக்கு ஏறக்குறைய 7.4 மில்லியோம். நான்கு மீற்றர் தூரத்துக்குப் போகவர எட்டு மீற்றர் என்பதை மறந்துவிடக்கூடாது. 20 அம்பியரில் அது தின்னும் வோல்ற்று 1.2. பாதி இறங்கிய ஈய அமிலப் பற்றரி ஓய்வில் 12.2 வோல்ற்றுக் காட்டும். சுமை ஏறியதும் 12க்குக் கீழே போய்விடும். செற்றை வந்தடைவது 11க்கும் குறைவு. செற் கேட்கும்போது நன்றாக வேலைசெய்து, பொத்தானை அழுத்தியவுடன் அணைந்துபோகிறது என்று வரும் முறைப்பாடுகளில் பெரும் பங்கு இதுதான். அதே தூரத்துக்கு 7/1.04, அதாவது 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 0.5 வோல்ற்று. 10 சதுர மில்லிமீற்றரில் 0.3. பற்றரியை மேசைக்கு அருகே கொண்டுவந்து நீளத்தைப் பாதியாக்கினால் இழப்பும் பாதியாகும். அதற்குச் செலவே இல்லை.

ஏழு கம்பி வீட்டு வயர் விறைப்பானது; அடிக்கடி அசையும் இடத்துக்குப் பொருந்தாது. பல மெல்லிய இழைகள் கொண்ட வளையும் வயர், கிடைத்தால் வெள்ளீயம் பூசிய இழைகள் கொண்ட படகு வயர், எங்கள் கரைக்கு ஏற்றது. மலிவாகக் கிடைக்கும் தடித்த சிவப்பு-கறுப்பு வயர்களில் சில, செம்பு பூசிய அலுமினியம். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். ஆனால் வெள்ளீயம் பூசிய செம்பு வெளியே வெள்ளியாகவும் சுரண்டினால் உள்ளே செம்பாகவும் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அலுமினிய வயரின் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உப்புக் காற்றில் அது விரைவில் அரித்தும் போகும்.

இப்போது சிக்கலான பகுதிக்கு வருகிறேன். சுவர் மின்சாரத்தைச் செற்றுக்கான 13.8 வோல்ற்றாக மாற்றித்தரும் பவர் சப்ளையையும் பற்றரியையும் எப்படி ஒன்றுசேர்ப்பது? மிகவும் பரவலாகக் காணப்படும் முறை, 13.8 வோல்ற்றுச் சப்ளையின் வெளியீட்டுக்குப் பற்றரியை நேரே இணைத்து, அங்கிருந்து செற்றுக்கும் ஒரு வயர் கொடுப்பது. கரண்ட் இருக்கும்போது சப்ளை பற்றரியையும் ஏற்றும், செற்றையும் ஓட்டும். கரண்ட் போனால் பற்றரி ஓட்டும். காகிதத்தில் அழகாக இருக்கும் இந்த ஏற்பாட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

முதல் காரணம், சப்ளையின் உள்ளமைப்பு. பழைய கனமான நிலைமாற்றிச் சப்ளைகளில் 2என்3055 போன்ற திரான்சிற்றர்கள், உள்ளே ஏறக்குறைய 20 வோல்ற்றாக இருப்பதை 13.8 ஆகக் கட்டுப்படுத்துகின்றன. அவற்றில் ஒன்று பழுதாகிக் குறுக்கிட்டுவிட்டால் (ஷோர்ட் ஆகிவிட்டால்) 20 வோல்ற்றும் செற்றுக்குப் போய்விடும். அதைத் தடுக்க நல்ல சப்ளைகளில் ஒரு காப்புச் சுற்று உண்டு. வெளியீட்டு வோல்ற்று எல்லை மீறியவுடன் தைரிஸ்ரர் என்ற மின் சுவிட்சு வெளியீட்டின் நேரையும் மறையையும் குறுக்கிட்டு, சப்ளையின் சொந்தப் பியூசை எரியவைத்துவிடும். சப்ளை தனியாக இருக்கும்போது இது அற்புதமான காவல். பற்றரி நேரே இணைக்கப்பட்டிருந்தால், அந்தத் தைரிஸ்ரர் குறுக்கிடுவது பற்றரியைத்தான். இடையில் பியூஸ் இல்லையென்றால் பற்றரி தன் முழு வலுவையும் சப்ளைக்குள் கொட்டும். இடி மின்னலின் அதிர்ச்சியாலோ, செற்றின் வானொலி அலை வயரில் புகுவதாலோ அந்தக் காப்புச் சுற்று காரணமின்றித் தூண்டப்படுவதும் நடக்கிறது.

இரண்டாவது, கரண்ட் போனபின் நடப்பது. சப்ளையின் உள்ளீடு செத்துவிட்டது, வெளியீட்டில் 12.7 வோல்ற்று நிற்கிறது. சில சப்ளைகள் இந்தத் தலைகீழ் நிலையைத் தாங்கும். சிலவற்றில் கட்டுப்படுத்தும் பகுதியினூடாக மின்னோட்டம் பின்னோக்கி ஓடி அதைக் கெடுக்கும். கெடாவிட்டாலும், உள்ளே இருக்கும் தடைகளும் விளக்கும் விசிறியும் பற்றரியைச் சத்தமின்றி உறிஞ்சிக்கொண்டிருக்கும். மூன்றாவது, நன்றாக இறங்கிய பற்றரிக்குக் கரண்ட் திரும்பி வரும் தருணம். 13.8க்கும் பற்றரியின் வோல்ற்றுக்கும் உள்ள வேறுபாட்டைச் சில மில்லியோம்களே தடுத்து நிற்பதால், சப்ளை தன் உச்ச எல்லையை உடனே தொட்டுவிடும். அதே நேரத்தில் யாராவது பொத்தானை அழுத்தினால் வோல்ற்று சரியும்.

ஆகவே சப்ளைக்கு ஒரு வழி, பற்றரிக்கு ஒரு வழி, பற்றரியை ஏற்றத் தனியே ஒரு சார்ஜர் என்று பிரிப்பதே சரி. இரண்டு வழிகளையும் டயோட்டுகள் மூலம் செற்றிடம் சேர்க்கலாம். டயோட்டு ஒரு திசையில் மட்டுமே மின்னை விடும் என்பதால் பற்றரி சப்ளைக்குள் தள்ளாது, சப்ளையும் பற்றரிக்குள் தள்ளாது. எந்தப் பக்கத்தின் வோல்ற்று உயர்வோ அது செற்றை ஓட்டும். கரண்ட் போகும் கணத்தில் இடைவெளியே இல்லை, பேசிக்கொண்டிருப்பவர் வாக்கியத்தின் நடுவில் அறுபடமாட்டார். ரிலே வைத்து மாற்றினால் அதன் நாக்கு நகரும் சில மில்லி விநாடிகளில் செற் அணைந்து திரும்ப எழும்பும்.

டயோட்டுக்கு விலை உண்டு. சாதாரண சிலிக்கன் டயோட்டு 0.7 வோல்ற்றுக்கு மேல் தின்னும், ஷொட்கி டயோட்டு அரை வோல்ற்று அளவு. 20 அம்பியரில் அரை வோல்ற்று என்பது 10 வாற்றுச் சூடு. அலுமினியத் தகட்டில் இறுக்கிப் பொருத்தாவிட்டால் அது எரியும். சப்ளைப் பக்கத்தில் இந்த இழப்பை, வெளியீட்டை 14.2க்கு உயர்த்தி ஈடுசெய்யலாம். பற்றரிப் பக்கத்தில் ஈடுசெய்ய வழியில்லை, இறங்கிவரும் பற்றரிக்கு அந்த அரை வோல்ற்று உயிர்நாடி. டயோட்டுக்குப் பதிலாக மொஸ்பெற் திரான்சிற்றரை அதே வேலைக்குப் பயன்படுத்தும் பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. 2 மில்லியோம் உள்ள மொஸ்பெற் ஒன்று 20 அம்பியரில் 0.04 வோல்ற்று மட்டுமே இழக்கும். கைக்கு அவை வருமானால் அவற்றையே வாங்குங்கள்.

இந்த அமைப்பில் ஒவ்வொரு வயரையும் காட்டி நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்குள் மின் எந்த எந்தப் பக்கத்திலிருந்து வரலாம், அதை நிறுத்துவது எது? பற்றரியிலிருந்து டயோட்டுப் பெட்டிக்குப் போகும் வயருக்குப் பற்றரியடிப் பியூஸ் இருக்கிறது. சப்ளையிலிருந்து பெட்டிக்கு வரும் வயர்? சப்ளை 30 அம்பியருக்கு மேல் தராது, எனவே அங்கே பியூஸ் வேண்டாம் என்று பலர் முடிவெடுப்பார்கள். டயோட்டுகள் பழுதாகும்போது பெரும்பாலும் குறுக்கிட்டே பழுதாகின்றன. அப்படி ஆனால் அந்த வயருக்குள் பெட்டிப் பக்கத்திலிருந்து பற்றரி மின் வரும். ஆகவே பெட்டிக்கு அருகே அந்த வயரிலும் ஒரு பியூஸ் வேண்டும். சார்ஜரின் வயர் மெல்லியது, பெரும்பாலும் ஓர் அம்பியரோ பத்து அம்பியரோ போகும் வயர். அது நேரே பற்றரியில் போய் முடிகிறது. மேசையில் இருப்பவற்றில் முதலில் எரியக்கூடியது அந்த வயர்தான், பியூஸ் இல்லாமல் நான் அதிகம் காண்பதும் அதைத்தான். அதற்குரிய சிறிய பியூஸ் பற்றரிப் பக்கத்து முனையில் இருக்க வேண்டும், சார்ஜர்ப் பக்கத்தில் அல்ல. சூரியத் தகட்டின் கட்டுப்படுத்தியிலிருந்து வரும் வயருக்கும் இதே நியாயம்.

மறை வயரைப் பற்றி அமெச்சூர்களிடையே முடியாத வாதம் ஒன்று உண்டு. செற்றுடன் வரும் வயரில் பல தயாரிப்பாளர்கள் நேர், மறை இரண்டிலும் பியூஸ் வைக்கிறார்கள். வாகனத்தில் மறை வயரை நேரே பற்றரிக்குக் கொண்டுபோகும்போது அதற்குக் காரணம் இருக்கிறது. மேசையிலோ, மறைப் பியூஸ் மட்டும் எரிந்தால் செற் பெரும்பாலும் அணையாது. திரும்பும் மின்னோட்டம் அன்ரனா கேபிளின் பின்னல் வழியாகவும், கணினிக்குப் போகும் மெல்லிய வயர் வழியாகவும் தன் பாதையைத் தேடிக்கொள்ளும். 20 அம்பியர் யூஎஸ்பி வயரில் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நிலையான மேசைக்கு நேர் வயரில் பியூசும், இடையில் பியூஸ் இல்லாத தடித்த மறை வயரும், எல்லா மறைகளும் கூடும் ஒரே செம்புக் கட்டையும் என்பதே நான் எடுக்கும் பக்கம்.

ஏற்றும் வோல்ற்றுக்கு எங்கள் வெப்பத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். மூடிய ஈய அமிலப் பற்றரியை நிரந்தரமாக நிறுத்திவைக்கும் வோல்ற்று 25 பாகையில் 13.5 முதல் 13.8 வரை. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.018 வோல்ற்றுக் குறைக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே 35 பாகை சாதாரணம்; அங்கே 13.8 என்பது 13.6 ஆக வேண்டும். குறைக்காவிட்டால் நீர் வற்றும், வாயு கூடும். குறைத்தாலும், வெப்பம் 8 முதல் 10 பாகை கூடுந்தோறும் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்ற கணக்கிலிருந்து நாம் தப்ப முடியாது. லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுக்கு 14.2 முதல் 14.6 வரை ஏற்றும் சார்ஜர் தனியே வேண்டும். பற்றரியினுள் இருக்கும் காப்புப் பலகை எத்தனை அம்பியரில் துண்டிக்கும் என்பதையும் வாங்குமுன் பார்க்க வேண்டும். 20 அம்பியர் பலகையுள்ள பற்றரி, 22 அம்பியர் செற் பேசத் தொடங்கியதும் மொத்தமாக அணைந்துவிடும்.

பற்றரியை எங்கே வைப்பது என்பதில் வெள்ளத்தையும் வாயுவையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஏற்றும்போது ஈய அமிலப் பற்றரி ஐதரசனை விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும். மூடிய அலுமாரிக்குள்ளும் கட்டிலுக்குக் கீழும் வைக்கக்கூடாது. பெட்டிக்குள் வைப்பதென்றால் மேலே துளைகள் வேண்டும், ஐதரசன் மேலே எழும். தரையில் வைத்தால், மாரியில் படுவான்கரையிலும் வாவியோரத்திலும் வீட்டுக்குள் நீர் ஏறும்போது முதலில் மூழ்குவது அதுதான். சென்ற வெள்ளத்தின் தடம் சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கு மேலே, பாரம் தாங்கும் தட்டில், சரியாதபடி பட்டியால் கட்டி வையுங்கள். 100 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி 30 கிலோ அளவு கனக்கும். அமிலம் சிந்தினால் அப்பச்சோடாவை நீரில் கரைத்து ஊற்ற வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவி வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கல்லடி, நாவலடி, கல்முனைக் கரையோரம் முழுவதும் உப்புக் காற்று எந்த முனையையும் பச்சை பிடிக்க வைக்கும். முனைக் கொக்கிகளை அதற்குரிய குறடால் நன்கு நெரித்து, பசையுள்ள சுருங்கு குழாய் போட்டு, பற்றரி முனைகளில் வஸ்லீன் பூசினால் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். நெரிக்காமல் ஈயப் பற்று மட்டும் வைத்த முனை, பெரிய மின்னோட்டத்தில் சூடேறினால் பற்று இளகி வயர் கழன்றுவிடும்.

கணினி யூபிஎஸ் ஒன்றில் சப்ளையைச் செருகிவிட்டால் போதாதா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: பற்றரியின் 12 வோல்ற்றை 230 ஆக்கி, அதைத் திரும்ப 13.8 ஆக்கும்போது, ஒவ்வொரு கட்டமும் 85 சதவீதம் திறனுள்ளது என்றாலும் மீதமாவது 72 சதவீதம். மலிவான இன்வேட்டர்களின் இரைச்சலும் சிற்றலையில் கேட்கும்.

சுவர்ப் பக்கத்தில் சொல்ல அதிகமில்லை. 30 அம்பியர்ச் சப்ளை முழுச் சுமையிலும் 230 வோல்ற்றில் ஏறக்குறைய 2 முதல் 3 அம்பியர் இழுக்கும். அதன் 13 அம்பியர் பிளக்குக்குள் 5 அம்பியர் பியூஸ் போடலாம். சப்ளையின் உலோக உறைக்கு எர்த் கட்டாயம். இருமுனை மாற்றி வைத்து எர்த்தை இழக்கக்கூடாது. ஜெனரேற்றரை இரு பக்கமும் ஆண் முனையுள்ள வயரால் சுவர்ச் செருகியில் கொடுப்பது, வெளியே தூணில் வேலைசெய்யும் மின்சார சபைத் தொழிலாளியைக் கொல்லக்கூடிய செயல். இடி முழங்கும் காலங்களில் அன்ரனா கேபிளையும் சப்ளையின் பிளக்கையும் கழற்றி வைத்துவிட்டு, அவசியம் கேட்க வேண்டுமானால் பற்றரியில் கையடக்கச் செற்றை ஓட்டுங்கள்.

எல்லாம் கட்டி முடித்தபின் சோதிக்கும் முறை இது. போலிச் சுமையை (அலையை வெளியே விடாமல் உறிஞ்சிக்கொள்ளும் தடையை) அன்ரனாவுக்குப் பதிலாக இணைத்து, சப்ளையின் பிளக்கைப் பிடுங்கி, முழு வலுவில் பொத்தானை அழுத்தி, வோல்ற்றுமானியைச் செற்றின் முனையிலேயே வைத்துப் படிக்க வேண்டும். பிறகு பற்றரி முனையில் படிக்க வேண்டும். வேறுபாடு வயருக்கும் டயோட்டுக்கும் நீங்கள் கணக்கிட்டதை விட அதிகமென்றால், மானியின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையில் ஊன்றிவைத்து, மற்றதை பியூசின் இரு பக்கமும் ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் நகர்த்திக்கொண்டே போனால், வோல்ற்றுச் சட்டென்று எந்த இடத்தில் தாவுகிறதோ அந்த இணைப்பே பழுது. அரை மணி நேரம் பேசிப் பேசி ஓட்டியபின் மேலுறையின் மீது புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு எந்தப் பியூஸ் பிடியிலும் இருக்கக்கூடாது. இதையே ஒவ்வொரு ஆண்டும் ஒக்டோபரில், மாரி மழை தொடங்குமுன், திரும்பச் செய்யுங்கள். படித்த எண்களைப் பற்றரியின் மேல் ஒட்டிய கடதாசியில் திகதியோடு எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது தானே தெரியும். அதே தட்டில், அதே எண்ணுள்ள உதிரிப் பியூஸ்களை ஒரு சிறு போத்தலில் போட்டு மூடிவையுங்கள். இருட்டில் கடை தேட முடியாது.